இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காதவன்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே, அறிவில் மூத்து, அன்பில் முதிர்ந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டை ஒரு கையிலும் வேலையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, மூன்றாவது கை முளைத்தால் அதற்கும் ஒரு வேலை வைத்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, விழாவின் நாயகியாய், கொடுத்த பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு "இதெல்லாம் எதுக்கு சார்" என்கிற முகத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் உதவி மைய அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

கேட்கிறதா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்று கை காட்டுகிறார்கள். கேட்காதவர்கள் எப்படிக் கை காட்டுவார்கள் என்று நான் யோசிக்க வேண்டாமா? அதை யோசிக்காத குணம் எனக்கு உண்டு. அந்தக் குணம் ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வாழ்த்த வந்தவன் வழக்கு பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். அக்காவை வாழ்த்த வேண்டுமென்றால் அந்த வழக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் குற்றம் சாட்டியவன் நான். குற்றம் சாட்டப்பட்டவர் என் மச்சான். குற்றவாளி யார் என்பது கடைசியில் தெரியும். இப்போதே சிரிக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்காரர்கள். அவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

நாங்கள் நடத்துவது ஓர் இணையதளம். இரத்தம் வேண்டுவோரையும் இரத்தம் வழங்குவோரையும் இணைக்கும் இணையதளம். முப்பத்தொரு மருத்துவமனைகள் அதில் தேடுகின்றன. படுக்கையில் கிடப்பவருக்காகப் பதறிக்கொண்டு வரும் உறவுக்காரர்களும் தேடுகிறார்கள். இரத்த வகையைத் தட்டினால் கொடையாளர் பெயரும் எண்ணும் வரும். சிபாரிசு தேவையில்லை, சீட்டு தேவையில்லை. இந்தத் தளத்தில் வேலை செய்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு ஓர் அங்குலம் விரிகிறது. சட்டை தைக்கிறவர் அதை வயிறு என்கிறார். அது அவர் கருத்து.

அந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? மேடைத் தமிழில் சொன்னால் தரவுத்தளத்தில். எங்கள் அறைத் தமிழில் சொன்னால் டேட்டாபேஸில். இணையதளத்துக்கு என்று சொந்தமாக எதுவும் தெரியாது. யாராவது தேடினால், அது டேட்டாபேஸுக்குப் போன் போட்டுக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். கூப்பிடும், கேட்கும், பதில் வாங்கும், வைத்துவிடும். எங்கள் டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்தில் நூறு இணைப்புகள். நூறும் பேச்சில் இருந்தால் நூற்றோராவது ஆளுக்கு லைன் கிடைக்காது. இவ்வளவுதான் இந்தக் கதைக்கு வேண்டிய தொழில்நுட்பம். மேலாளர் தலையாட்டுகிறார். இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவர் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர் என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். பதினோரு ஆண்டுகளாக அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறார். லட்சக்கணக்கான பெயர்களில் ஒன்றைக்கூட அவர் தொலைத்ததில்லை. வீட்டுச் சாவியைத் தொலைத்திருக்கிறார், அது வேறு. இணையதளத்துக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதுகிறவன் நான். எங்களுக்கு வீட்டிலே பந்தம், அலுவலகத்திலே பந்தயம். தளம் ஒரு நொடி தாமதித்தால் உங்கள் டேட்டாபேஸ்தான் என்பேன் நான். உங்கள் புரோகிராம்தான் என்பார் அவர். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு இப்படியே ஆண்டுக் கணக்கில் கேலியும் கிண்டலுமாக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தளம் விழுந்தது. யார் எதைத் தேடினாலும் டேட்டாபேஸோடு இணைப்புக் கிடைக்கவில்லை என்றே திரை சொன்னது. மச்சான் டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி ஓட்டினார். தளம் எழுந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி விழுந்தது. எழுப்பினோம், விழுந்தது. தட்டி எழுப்பினோம், தடுக்கி விழுந்தது.

நாங்கள் பார்க்காததா? கடவுச்சொல் சரியா என்று பார்த்தோம். சரி. கம்பி சரியா என்று பார்த்தோம். சரி. தளம் ஓடும் கணினிக்கும் டேட்டாபேஸ் ஓடும் கணினிக்கும் நடுவே வழியில் ஏதாவது அடைப்பா என்று பார்த்தோம். அதுவும் சரி. எல்லாம் சரியென்றால் விழுவது எப்படி என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

இணைப்புகள் போதவில்லை, நூறை இருநூறாக்குங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். அப்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "லைன் பத்தாம இல்ல மாப்பிள்ளை. வந்தவங்க யாரும் வேலை செய்யல. கூப்பிட்டாங்க, கேட்டாங்க, அப்படியே தூங்கிட்டாங்க." திரையில் இருந்த இணைப்புப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். நூறு இணைப்பில் தொண்ணூற்றுச் சொச்சம் பேச்சுமில்லாமல் மூச்சுமில்லாமல் கிடந்தன. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். தூங்குகிறவர்களை எழுப்புவதுதானே உங்கள் வேலை என்று கேலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னது கேலி அல்ல, நோயின் பெயர் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இருநூறாக்கினார். தளம் பதினொரு மணிக்கு விழவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு விழுந்தது. பதினொரு மணி நோயை இரண்டு மணி நோயாக மாற்றிவிட்டு, பாதி குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்ட வைத்தியன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மூன்றாவது வாரம் மருத்துவமனைகளிலிருந்து கடிதம் வந்தது. இப்படியே போனால் விலகிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அறிக்கை கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிரல் எழுதியவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்? நான் ஒரு பக்கம் எழுதினேன். கோளாறு தரவுத்தளத்தில் உள்ளது, பராமரிப்பு போதவில்லை என்று எழுதினேன். அழகாக எழுதினேன். அடியில் அகலமாகக் கையெழுத்தும் போட்டேன். அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மச்சான் அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகள் இரண்டு பேர். வீட்டில் அவர் ஒருவர்தான் சம்பாதிக்கிறவர்.

தாய்மார்கள் பக்கம் ஒரே முறைப்பு. அடுத்து என் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும்?

என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வியாழக்கிழமை காலை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எங்க அண்ணன் பக்கத்தைப் பார்த்துட்டீங்க. உங்க பக்கத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை. பார்க்கத்தான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன்? எந்தத் தெருவிலும் நாலு பேருக்கு இருக்கிற ஓ பாசிட்டிவைத் தட்டிப் பார்த்தேன். பட்டியல் பளிச்சென்று வந்தது. நூறு முறை தட்டினேன், நூறு முறையும் வந்தது. என் பக்கம் சுத்தம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மச்சான் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் தலையைத் தூக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று கேட்காதீர்கள், ஒன்றும் தட்டவில்லை. அப்போது என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்தான் இந்த அக்கா.

அக்காவின் இடம் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்து மூலை. அக்காவின் ஆயுதம் ஒரு தொலைபேசி. தளம் வேலை செய்யாவிட்டால் ஊரே கூப்பிடுவது அக்காவைத்தான். எங்கள் பிழைக்கெல்லாம் ஏச்சு வாங்குகிறவர் அவர். எவ்வளவு திட்டினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெச்சிடறேங்க" என்று சொல்லாமல் ஒரு நாளும் போனை வைக்க மாட்டார். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எத்தனை மணி, எந்த இடம், என்ன வகை என்று வரிசையாக இருக்கும். அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று எங்களில் எவராவது கேட்டோமா? ஒருவரும் கேட்டதில்லை.

அன்று அவர் நோட்டை விரித்துக்கொண்டு வந்தார். நிதானமாகச் சொன்னார். "சார், தளம் விழறதுக்கு முன்னாடி ஓ பாசிட்டிவ் தேடுறவங்க எனக்குப் போன் பண்றதே இல்ல. ஏபி நெகட்டிவ் மாதிரி கிடைக்காத வகையைத் தேடுறவங்கதான் பண்றாங்க. ஒரே ஆளே திரும்பத் திரும்பத் தேடுறாங்க. அவங்க அதிகமா வர்ற நாள்லதான் தளம் சீக்கிரம் விழுது."

ஒரே ஆள் ஏன் திரும்பத் திரும்பத் தேடுகிறார் என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை என் பகைவனுக்கும் வர வேண்டாம். "நீங்கதானே சார் 'சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள்'னு போட்டு வெச்சிருக்கீங்க? நேத்து ஒருத்தர் நாற்பது தடவை அமுக்கினேங்கிறார்."

ஆமாம், அவையோரே, அதை எழுதியவன் நான்தான். ஏன் அப்படி எழுதினேன்? நம் நாக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்கிறோமா? போயிட்டு வர்றேன் என்கிறோம். ஒருவர் ஒன்று கேட்டு வந்தால் முகத்துக்கு நேரே இல்லை என்கிறோமா? பார்க்கலாம் என்கிறோம். சொல்லி அனுப்புகிறேன் என்கிறோம். அப்புறமா வாங்களேன் என்கிறோம். உயிருக்குப் போராடுகிறவருக்காக ஒருவர் தேடும்போது, இந்த வகையில் கொடையாளர் இல்லை என்று எழுத என் விரல் வரவில்லை. இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டு, மீண்டும் முயலுங்கள் என்று எழுதினேன். பாவம், அவர்களும் முயன்றார்கள். இல்லாததை நாற்பது தடவை தேடினார்கள்.

சோதனைக்கென்று தளத்தின் பிரதி ஒன்று தனியாக வைத்திருப்போம். அதில் வெளியார் யாரும் நுழைய முடியாது. அக்கா அதில் உட்கார்ந்தார். இணைப்புகளின் பட்டியலை எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே, யார் எண்ணுவது? என் மச்சான். வேலையே இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று தெரிந்த மனிதர். பையைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அமுக்குங்கக்கா, நான் எண்றேன்" என்றார். எனக்காகவா எண்ணினார்? தனக்காகவா எண்ணினார்? டேட்டாபேஸ் நோயில் கிடக்கும்போது பாதியில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. தன் வேலையை அவ்வளவு மதிக்கிற மனிதரோடு எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைவிட எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஓ பாசிட்டிவ் என்று தட்டினார் அக்கா. பட்டியலில் ஓர் இணைப்பு வந்தது, பேசியது, போய்விட்டது. ஏபி நெகட்டிவ் என்று தட்டினார். ஓர் இணைப்பு வந்தது. பேசியது. போகவில்லை. மறுபடி தட்டினார். இரண்டு. மறுபடி தட்டினார். மூன்று. நாலு என்றார் மச்சான். ஐந்து என்றார். குரலை உயர்த்தவில்லை. வெற்றி கிடைத்துவிட்டது என்று துள்ளவில்லை. பன்னிரண்டு வரைக்கும் எண்ணிவிட்டு, திரையை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் நிரலைத் திறந்தேன். கொடையாளர் கிடைத்தால் பெயர்களைக் காட்டு, பிறகு இணைப்பை மூடு என்று எழுதியிருந்தது. கிடைக்காவிட்டால்? மீண்டும் முயலுங்கள் என்று சொல், அத்தோடு திரும்பிப் போ என்று எழுதியிருந்தது. மூடு என்கிற வரியே அங்கே இல்லை. உண்டு என்று பதில் வந்தால் முறையாகப் போனை வைத்தது என் நிரல். இல்லை என்று பதில் வந்தாலோ, சங்கடப்பட்டு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, போனை அப்படியே தொங்கவிட்டு ஓடிப்போயிற்று. தொங்குகிற ஒவ்வொரு போனும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டது. நூறு 'இல்லை' சேர்ந்ததும் ஓ பாசிட்டிவ் தேடுகிறவருக்கும் லைன் இல்லாமல் போயிற்று. அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன. யார் பெயர் என்று இன்னுமா சொல்ல வேண்டும்?

பின்வரிசையிலிருந்து "வேண்டாம்" என்று குரல் வருகிறது. வேண்டாம்தான், ஆனாலும் சொல்கிறேன். என் பெயர்.

மணி நாலே முக்கால். மேலாளர் அறைக்குப் போனோம். யாருடைய தப்பு என்று கேட்டார். "என்னுது சார். அந்த அறிக்கையில எல்லாம் அப்படியே இருக்கட்டும், பேரை மட்டும் மாத்திக்கோங்க" என்றேன். மேலாளர் மச்சானின் பணிநீக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். பின்னாலிருந்து மச்சான் குரல் வந்தது. "கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை. திறந்த எதையும் மூடுற பழக்கமே இல்லையா உங்களுக்கு?" மேலாளர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்தார். இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்.

அன்று மாலையே திருத்தினோம். பதில் உண்டு என்றாலும் இல்லை என்றாலும், நடுவில் ஏதாவது பிழையே நேர்ந்தாலும், எந்த வழியாக வெளியேறினாலும் இணைப்பை மூடிவிட்டே போக வேண்டும் என்று எழுதினோம். அது கால் மணி நேர வேலை. அந்தச் செய்தியை என்ன செய்வது என்பதில்தான் ஒரு மணி நேரம் வாதம். தற்போது என்று போடலாமா, இயலவில்லை என்று போடலாமா என்று நான் வார்த்தையை வார்த்தையால் மூடப் பார்த்தேன். அக்கா ஒரே வரியில் முடித்தார். "இல்லைன்னே போடுங்க சார். இல்லைன்னு தெரிஞ்சா வேற வழி பார்ப்பாங்க இல்ல?" அப்படியே போட்டோம். இந்த வகையில் இப்போது எங்களிடம் கொடையாளர் இல்லை என்று எழுதி, கீழே பக்கத்து ஊர்களின் இரத்த வங்கி எண்களைக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. வண்டி ஓட்டுகிற ஒரு தகப்பனார் பேசினார். "உங்க தளத்துல இல்லைன்னு உடனே வந்துச்சும்மா. நான் உட்கார்ந்துட்டு இருக்காம பக்கத்து ஊருக்கு வண்டியை எடுத்தேன். கிடைச்சுது. பாப்பா நல்லா இருக்கா. சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அக்கா வழக்கம்போல் வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த மணி அடித்தது. அதை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அவையோரே, இல்லை என்ற சொல்லுக்குள் இத்தனை இரக்கம் இருக்கும் என்று நாங்கள் அறிந்தோமா? நோட்டுப் புத்தகத்துக்குள் இத்தனை நுட்பம் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோமா? படித்தவர்கள் நாங்கள் பார்த்தது பதிலை. அக்கா கேட்டது பதில் கிடைக்காதவர்களின் குரலை. அன்றிலிருந்து இன்றுவரை, நானூறு நாளுக்கு மேல் ஆகிறது, இணைப்புக் கிடைக்காமல் எங்கள் தளம் ஒரு நாளும் விழவில்லை. இன்று முதல் அக்கா எங்கள் சோதனைப் பிரிவின் தலைவி. இனி நாங்கள் என்ன எழுதினாலும் முதலில் அவர் மேசைக்குப் போகும். முதலில் அவர் எதைத் தேடுவார்? இல்லாததைத் தேடுவார். பெருமையோடு சொல்கிறேன், தலை நிமிர்ந்து சொல்கிறேன், எங்கள் நிரல்கள் இனி அக்காவுக்குப் பயந்து பிழைக்கும். கைதட்டுங்கள், இது அவருக்கு உரிய கைதட்டல். நன்றி.

முடித்துவிடுகிறேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். அது இன்னும் ஆபத்து. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது.

மேலாளரிடம் என் தப்பு என்று சொன்னேன். மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி என் தப்பு என்று சொன்னேன். என் மனைவியிடம் சொன்னேன், அவள் தெரியும் என்றாள். ஒருவரிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. நானூறு நாளாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். கேலி திரும்பிவிட்டது, கிண்டல் திரும்பிவிட்டது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் எனக்கு வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நானே எனக்கு மீண்டும் முயலுங்கள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, மடியில் கணினியோடு என் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மேடை பிடிக்காது. அதனால்தான் மேடையிலிருந்து சொல்கிறேன், தப்பித்துப் போக முடியாது பாருங்கள். மச்சான், நீங்கள் பதினோரு ஆண்டு காத்த நல்ல பெயரை ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில் அழிக்கப் பார்த்தேன். நீங்கள் சரியாகச் சொன்னீர்கள், நான் சிரித்தேன். தெரியாமல் செய்த தப்பு நிரலில் இருந்தது. தெரிந்தே செய்த தப்பு அறிக்கையில் இருந்தது. உங்களைக் கேட்காமல் எழுதினேன். இத்தனை பேர் முன்னால், உங்கள் தங்கை முன்னால், உங்கள் பெண்கள் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

கணினியை மூடிப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கிறார். எழுந்துவிட்டார். வழி விடுங்கள், தம்பிகளே, அவருக்கு வழி விடுங்கள். மேடைக்குத்தான் வருகிறார். இவரோடு வேலை செய்கிறேன் என்பதே எனக்குப் பெருமை, இவர் வீட்டில் பெண் எடுத்தேன் என்பது அதைவிடப் பெருமை. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வாருங்கள் மச்சான். அனைவருக்கும் வணக்கம்.